உங்களுக்குத் தெரியுமா? இதயத்தில் விடுபட்ட 25 எழுத்துகள்

தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேர் ஒரே மரபணுக் குறையைச் சுமக்கிறார்கள்! கோவில்பட்டிக்கு வடக்கே சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகமும் பங்கேற்ற ஆய்வு, 2009-இல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் இதை வெளியிட்டது.

அந்தக் குறை இருப்பது 11-ஆவது குரோமோசோமில் உள்ள எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில். அந்த மரபணு உருவாக்கும் புரதம், ஏர்க்காலையும் நுகத்தடியையும் பிணைக்கும் கயிறுபோல இதயத் தசை இழைகளைப் பிடித்து நிறுத்துகிறது. இதயம் சுருங்கும் வேகத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டால் புரதத்தின் கடைசிப் பகுதி பிசகிவிடும். சுமப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. இளமையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது; நடுவயதைத் தாண்டும்போதுதான் இதயத் தசை தளரும் ஆபத்து கூடுகிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் குறை வந்துவிட்டால் நிலைமை கடுமை. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுக்கும் நம் கரிசல் பக்கத்தில் இதைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும். ஒரே குடும்பத்து மரபணுக் குறை இரட்டிப்பாகச் சேரும் வாய்ப்பு அத்தகைய திருமணங்களில்தான் அதிகம்.

காட்டு வேலையிலோ தீப்பெட்டி ஆபீசிலோ வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்குகிறதா? படபடப்பு, மயக்கம் வருகிறதா? குடும்பத்தில் யாராவது சிறு வயதிலேயே திடீரென இறந்திருக்கிறார்களா? வெயில் அசதி என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் குடும்ப விவரத்தைச் சொல்லி, ஈ.சி.ஜி.யும் எக்கோவும் தேவையா என்று கேளுங்கள்.