கொடைக்கானல் மலைப்பாதையில் இரவு டிரைவிங்: காருக்கு எக்ஸ்ட்ரா லைட் மாட்டலாமா? எது உதவும், எது ஆபத்து?

வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸ் முடித்துவிட்டு சென்னையிலிருந்து கிளம்பும் கார், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கும்போது நள்ளிரவு கடந்துவிடும். நான்கு வழிச்சாலையில் போதுமானதாகத் தெரிந்த ஹெட்லைட், முதல் சில வளைவுகளிலேயே போதாதது போலத் தோன்றும். ஊருக்குத் திரும்பியதும் பலரும் தேடுவது எக்ஸ்ட்ரா லைட்டைத்தான். "நல்ல பவரா ரெண்டு லைட் மாட்டினா போதும்" என்று கடையில் சொல்வார்கள். மலைப்பாதைக்கு அந்த 'பவர்' உண்மையிலேயே உதவுமா?

இந்தப் பாதையின் சிக்கல் என்ன?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் செல்லும் மலைச்சாலை 1914-ல் கட்டி முடிக்கப்பட்டு, 1916-ல் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதை அமைத்த மேஜர் லா என்பவரின் பெயரால் 'லாஸ் காட்' என்று அழைக்கப்படுகிறது. பிறகு எவ்வளவோ சீரமைப்புகள் நடந்தாலும், பாதையின் அடிப்படை வடிவம் மலையின் மடிப்புகளை ஒட்டி வளைவதுதான். பழனியிலிருந்து வரும் இன்னொரு பாதை சுமார் 64 கி.மீ. நீளம், அது பெருமாள்மலையில் இந்தச் சாலையுடன் சேர்கிறது. இரண்டிலும் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருப்பதால், மேல் பகுதியில் மேகமே சாலைக்கு இறங்கி வந்து நிற்கும்.

இதோடு காட்டு மாடுகள். பழனி மலையின் பெரும்பகுதி 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊருக்குள்ளேயே உலவும் காட்டு மாட்டின் உடல் கிட்டத்தட்ட கறுப்பு. விளக்கொளியை அது திருப்பி அனுப்புவதே இல்லை எனலாம். முழங்காலுக்குக் கீழே உள்ள வெள்ளை நிறம்தான் இரவில் முதலில் கண்ணில் படும். ஒரு டன் எடை வரை இருக்கும் விலங்கு அது. மோதினால் இரு தரப்புக்கும் பெரிய சேதம்.

ஆக, இங்கே தேவைப்படும் வெளிச்சம் மூன்று வகை: வளைவின் பக்கவாட்டில் விழ வேண்டும், தரையை ஒட்டி இருக்க வேண்டும், மூடுபனியில் திரும்பி வந்து கண்ணைக் குத்தக் கூடாது.

டிரைவிங் லைட், ஃபாக் லைட்: என்ன வித்தியாசம்?

கடையில் இரண்டையும் 'எக்ஸ்ட்ரா லைட்' என்றே சொல்வார்கள். வேலை வேறு வேறு.

டிரைவிங் லைட் என்பது ஹை பீமுக்குத் துணை. குறுகலான ஒளிக்கற்றையை வெகுதூரம் வீசும். நேரான, ஆள் நடமாட்டம் இல்லாத, எதிரே வண்டி வராத சாலைக்கானது. ஃபாக் லைட்டோ பம்பரின் கீழ்ப்பகுதியில் இருந்து, அகலமாகவும் தாழ்வாகவும் வெளிச்சம் தரும். அதன் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும்.

கொண்டை ஊசி வளைவில் 200 மீட்டர் வீசும் டிரைவிங் லைட்டைப் போட்டால், அந்த வெளிச்சம் பள்ளத்தாக்கின் மேலே காற்றில் போகும்; இல்லையென்றால் எதிர் மலையின் மரங்களில் விழும். சாலை பக்கவாட்டில் இருட்டாகவே இருக்கும்.

கணக்கும் இதையே சொல்கிறது. 40 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால் 17 மீட்டர். ஈரச் சாலையில் நிற்க இன்னும் சுமார் 12 மீட்டர். மொத்தம் 29 மீட்டர். இறக்கத்தில் கொஞ்சம் கூடும். சரியாகச் செட் செய்த லோ பீமே இந்தத் தூரத்துக்கு எட்டிவிடும். அதுவே 60 கி.மீ. என்றால் நிற்க 50 மீட்டருக்கு மேல் வேண்டும். அந்த வேகத்துக்கு வளைவில் எந்த விளக்கும் ஈடுகொடுக்காது.

பனிக்கு மஞ்சள் லைட்தான் நல்லதா?

பாதி உண்மை. மஞ்சள் ஒளி மூடுபனியை ஊடுருவிப் போகும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் மூடுபனியின் நீர்த்துளிகள், ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன.

மஞ்சளால் கிடைக்கும் பலன் கண்ணுக்கு. நீலம் கலந்த வெள்ளை ஒளியின் கூச்சம் மஞ்சளில் குறைவு. பிரான்ஸில் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் கட்டாயமாக இருந்தது.

நிறத்தைவிட முக்கியம், விளக்கு இருக்கும் உயரம். ஓட்டுநரின் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து ஒளி கிளம்பினால், பனித்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பும். முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பியது போலாகிவிடும். மூடுபனியில் ஹை பீம் உதவாததற்கும், கூரைமேல் மாட்டும் எல்.இ.டி. பார் இன்னும் மோசமாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

எதிரே வருபவருக்கு என்ன ஆகும்?

கண் கூசினால் பார்வை பழைய நிலைக்கு வரச் சில விநாடிகள் ஆகும். மூன்று விநாடி என்று வைத்தாலும், 40 கி.மீ. வேகத்தில் 33 மீட்டர் தூரத்தை எதிரே வருபவர் ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறார். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம் உள்ள பாதையில் அது அரசுப் பேருந்தாக இருந்தால், அதில் ஐம்பது பேர் இருப்பார்கள். அவர் தடுமாறி வந்தால் மோதப்போவது உங்கள் காரில்தான்.

ஹாலஜன் பல்புக்காக வடிவமைத்த ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பை மாற்றிப் போடுவதும் இதே சிக்கலைத் தரும். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர், பல்பின் இழை எந்த இடத்தில் இருக்குமோ அதைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி கிளம்பும் இடம் மாறினால், வெளிச்சம் சாலைக்குப் பதிலாக மேலேயும் பக்கத்திலும் சிதறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 111-வது விதிப்படி, காரின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கக் கூடாது. விதிவிலக்கான சூழலில் மட்டும், பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு வைக்கலாம்.

106-வது விதி கண்கூச்சம் பற்றியது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், அதன் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூசக் கூடாது. அல்லது அப்படிக் கூசாதபடி ஒளியைத் தாழ்த்தவோ அணைக்கவோ வசதி இருக்க வேண்டும். நம் நாட்டில் எதிரே வருபவர் வலப்பக்கம்தான் வருவார் என்பதால் இந்த அளவு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். லைட் மாட்டுவதற்காகவே பலர் பொருத்தும் பம்பர் கார்டு மீதும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

ஆகவே, பாதுகாப்பான வழி ஒன்றுதான்: உங்கள் மாடலின் உயர் வேரியன்ட்டில் தயாரிப்பாளரே தரும் ஃபாக் லைட்டை, அதற்கென பம்பரில் விட்டிருக்கும் இடத்தில், அதிகாரப்பூர்வ ஆக்சஸரியாகப் பொருத்துவது.

மாட்டுவதென்றால் எப்படி?

வயரிங்தான் உயிர். 55 வாட் ஃபாக் லைட் இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடும். இதை டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேராக விடக் கூடாது. பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ம் எண் முனைக்கும், 87-ம் எண் முனையிலிருந்து விளக்குக்கும் தடித்த வயர் போக வேண்டும். சுவிட்ச் வயர் 86-க்கு, எர்த் 85-க்கு. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

ஒரிஜினல் வயரை வெட்டி ஒட்டும் மெக்கானிக்கைத் தவிர்ப்பது நல்லது. கப்ளரோடு வரும் வயரிங் கிட்டைக் கேட்டு வாங்குங்கள். வயரை வெட்டினால் வாரண்டியிலும் சிக்கல் வரலாம்.

60/55 வாட் பல்புக்குப் பதிலாக 100/90 வாட் பல்பைப் போடும் பழக்கமும் உண்டு. 60 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால், அதே வயரில் உருவாகும் சூடு சுமார் 2.8 மடங்கு. ஹோல்டர் உருகுவது இதனால்தான்.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

* ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் பாலிஷ் செய்யுங்கள். இதிலேயே நல்ல வித்தியாசம் தெரியும்.
* ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறிய திருகு இருக்கிறதா பாருங்கள். பின் சீட்டில் ஆட்கள், டிக்கியில் லக்கேஜ் என்றால் காரின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். வெளிச்சம் எதிரே வருபவர் முகத்துக்குப் போகும். சுமைக்கு ஏற்ப எண்ணைக் கூட்டினால் ஒளி கீழே இறங்கும்.
* சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி காரை நிறுத்தி லோ பீம் போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். ஃபாக் லைட் என்றால் இன்னும் தாழ்வாக.
* முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். இரவில் அந்த அழுக்குப் படலம் கூச்சத்தைக் கூட்டும்.
* மூடுபனியில் ஹசார்டு லைட் போட்டு ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.
* வளைவுக்கு முன்பே டிம் செய்துவிடுங்கள். எதிரே வரும் வண்டி கண்ணில் படும் முன், அதன் வெளிச்சம் பாறையிலோ மரத்திலோ தெரிந்துவிடும். உங்கள் ஹை பீம் எரிந்துகொண்டிருந்தால் அது தெரியாது.

இவ்வளவும் செய்த பிறகும் முன்னால் சாலை தெரியவில்லை என்றால், அது விளக்கின் குறையாக இருக்காது. அன்றைக்கு மேகம் அப்படி இறங்கியிருக்கும். வத்தலக்குண்டிலோ பழனியிலோ தங்கிவிட்டு, விடிந்ததும் மலை ஏறினால் வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சியையும் பார்த்துக்கொண்டே போகலாம்.