பழைய ஸ்பீடு போட்டில் பெரிய என்ஜின்... கூடப்போவது வேகமா, ஆபத்தா?

1980-களில் வாங்கிய 15 அடி ஃபைபர் போட். அப்பா ஓட்டியது, இப்போது மகன் கையில். போட் நன்றாக இருக்கிறது, என்ஜின்தான் உயிரை விட்டுவிட்டது. அமெரிக்காவின் ஏரிக்கரை ஊர்களில் இது சகஜம். ‘எப்படியும் புதுசு மாட்டத்தான் போறோம், கொஞ்சம் பெருசாவே மாட்டிடலாமே’ என்ற ஆசையும் அங்கே சகஜம்தான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், தண்ணீரில் கணக்கு வேறு!

எவ்வளவு பெரிய என்ஜின் மாட்டலாம்?

பதில் படகிலேயே ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் 1971-ல் வந்த மத்திய படகுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான மோட்டார் படகுகளில் ஒரு தகடு கட்டாயமானது. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும் என்ற விவரம் அதில் இருக்கும். பின்சுவருக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு என்ஜின் என்றால், அதிகபட்சம் எத்தனை ஹெச்.பி. என்பதும் இருக்கும்.

இந்த ஹெச்.பி.க்கு ஒரு ஃபார்முலா உண்டு. படகின் நீளத்தையும் பின்சுவரின் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்க வேண்டும். 15 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 75. ஸ்டியரிங் வீல் இருந்து, பின்சுவர் 20 அங்குலமாவது உயரம் இருந்தால், இதை இரண்டால் பெருக்கி 90-ஐக் கழிக்க வேண்டும். விடை 60 ஹெச்.பி. ஸ்டியரிங் வீல் இல்லாமல் என்ஜினைக் கையால் திருப்பும் படகு என்றால், இதே அளவுக்கு 35 ஹெச்.பி.தான். தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுக்கு அதைவிடவும் குறைவு.

இந்த விதி படகைத் தயாரிப்பவருக்கானது. உரிமையாளர் மீறினால் என்ன ஆகும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் அது குற்றம். சட்டம் சும்மா விட்டாலும், காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம்.

வேகமாவது கூடுமா?

கூடும், ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. தண்ணீரின் மேல் வழுக்கி ஓடும் படகின் வேகம், தோராயமாக சக்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே உயரும். 100 ஹெச்.பி.யில் மணிக்கு 60 கி.மீ. ஓடும் படகுக்கு 150 ஹெச்.பி. மாட்டினால், கிடைப்பது 73 கி.மீ.தான். அதாவது, சக்தி 50 சதவீதம் கூடினால் வேகம் 22 சதவீதம்தான் கூடும். அதுவும் எடை மாறாமல் இருந்தால்!

எடை ஏன் இவ்வளவு முக்கியம்?

எடைதான் இங்கே வில்லன். அந்தக் கால 90 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள் பல 120 முதல் 140 கிலோவுக்குள் இருந்தன. இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக், அதே 90 ஹெச்.பி.க்கே 160 கிலோவை ஒட்டி வரும். 150 ஹெச்.பி. என்றால் 200 கிலோவைத் தாண்டிவிடும். அத்தனை எடையும் படகின் கடைசி முனையில் தொங்கும்.

அதனால், நிற்கும்போதே படகின் பின்பக்கம் தாழ்ந்திருக்கும். வேகமாக வந்து சட்டென்று த்ராட்டிலைக் குறைத்தால், படகு கிளப்பிய அலையே பின்னால் துரத்தி வரும். தாழ்ந்த பின்சுவரைத் தாண்டி அது உள்ளே ஏறினால், சின்னப் படகு மூழ்க அதிக நேரம் ஆகாது.

பின்சுவர் தாங்குமா?

பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் பின்சுவருக்குள் இருப்பது பிளைவுட். போல்ட் துளைகள் வழியே வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கினால், வெளியே பளபளப்பு அப்படியே இருக்க, உள்ளே மரம் மக்கிப்போயிருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: ‘டொக் டொக்’ என்று கணீரென வந்தால் நல்லது, ‘பொத் பொத்’ என்று மந்தமாக வந்தால் சந்தேகம். என்ஜினைப் பிடித்து ஆட்டும்போது சுவர் அசைந்தால், பெரிய என்ஜின் பேச்சையே விட்டுவிடலாம்.

கார் என்ஜினைப் போடலாமா?

படகுக்குள்ளேயே என்ஜின் இருக்கும் இன்போர்டு மாடல்களில் இந்த ஆசை வரும். பிளாக் ஒன்றாக இருந்தாலும், சுற்றியுள்ள பாகங்கள் வேறு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். அதனால்தான் படகு என்ஜினின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் வெளியே தீப்பொறி விடாதபடி செய்யப்படுகின்றன. கார் ஸ்டார்ட்டரின் ஒரு பொறி போதும், படகே வெடிக்கும்.

அப்போ என்னதான் செய்வது?

முதலில் படகை டிரெய்லரோடு எடை மேடையில் ஏற்றி, டிரெய்லரின் எடையைக் கழித்துப் பார்ப்பது நல்லது. பழைய படகுகளில் தரைக்கு அடியில் உள்ள மிதவை ஃபோம், தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போயிருக்கும். நிறுவனம் சொன்ன எடையைவிட 100, 200 கிலோ கூடுதலாக வந்தால், படகு மந்தமானதற்கு என்ஜின் காரணமே இல்லை. ஊறிய ஃபோமை மாற்றி, அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து, சரியான புரொப்பெல்லர் போட்டாலே பழைய வேகம் திரும்ப வாய்ப்புண்டு.

அதன் பிறகும் புது என்ஜின் வேண்டுமா? ஹெச்.பி. மட்டுமல்ல, கிலோவும் தகட்டில் உள்ள எல்லைக்குள் இருக்கட்டும். இன்னொன்று: 26 அடிக்குக் குறைவான படகை வேகமாக ஓட்டும்போது, என்ஜினை நிறுத்தும் கயிற்றை ஓட்டுநர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் சட்டம். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால், ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து அவர் மீதே ஏறும் ஆபத்து உண்டு. என்ஜின் பெரிதாகப் பெரிதாக, அந்தக் கயிற்றின் அவசியமும் கூடும்.