வைத்தியம் முன்னே, வழக்கு பின்னே: கடையில் வாங்கிய பல்லிக்கு விரலில் புண் என்றால்

சுவரில் ஓடும் பல்லியைத் துடைப்பத்தால் விரட்டியும், அது தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பார்த்தும் வளர்ந்தவர்கள் நாம். பிள்ளை வந்து பல்லி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கித் தரச் சொன்னால் முதலில் சிரிப்புதான் வரும். ஆனால் இங்கிலாந்தில் லெப்பர்ட் கெக்கோ என்னும் புள்ளிப் பல்லி சாதாரணமான செல்லப் பிராணி. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலங்கள்தான் அதன் பூர்வீகம். கடைகளில் விற்பவை பெரும்பாலும் தொட்டிகளிலேயே பிறந்து வளர்ந்தவை. குரைக்காது, முடி கொட்டாது, ஃபிளாட்டில் ஒரு மூலை போதும். 15, 20 வருடம் உயிரோடு இருக்கும் என்பதை மட்டும் கடையில் கொஞ்சம் மெதுவான குரலில் சொல்வார்கள்.

இந்தப் பல்லிகளின் கால் விரல்களில் இருக்கும் காயம் பல சமயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. பகலில் ஒளிந்துகொண்டு அந்தி சாய்ந்தபின் நடமாடும் பிராணி அது. கடையில் உள்ளங்கையில் வைத்துக் காட்டும்போது முகத்தையும் தடித்த வாலையும்தான் பார்க்கிறோம். பாதங்கள் அடியில் போய்விடுகின்றன. வீட்டுத் தொட்டியில் விட்ட இரண்டாம் நாள், கண்ணாடியின் மீது காலை வைத்து நிற்கும்போது ஒரு விரல் கறுத்திருப்பது தெரியும். உடனே வீட்டில் இரண்டு கட்சி. “கடைக்குத் திருப்பிக் கொண்டுபோ” என்பது ஒன்று, “முதலில் மருந்து போடு” என்பது மற்றொன்று. சட்டமும் மருத்துவமும் இரண்டாவது கட்சியின் பக்கம்தான். ஆனால் முதல் கட்சி கேட்பதும் கிடைக்க வேண்டுமானால் சில வேலைகளை அன்றைக்கே செய்துவிட வேண்டும்.

நம் வீட்டுப் பல்லியைப் போல லெப்பர்ட் கெக்கோ சுவரில் ஏறாது. அதன் விரல்களில் ஒட்டும் பட்டைகள் கிடையாது, மெல்லிய விரலும் நுனியில் ஒரு நகமும்தான். பாம்பைப் போல இதுவும் சட்டை உரிக்கும், உரித்ததைத் தானே தின்றும் விடும். தொட்டியில் ஈரப்பதமான மறைவிடம் ஒன்று இல்லாவிட்டால் உடம்புத் தோல் உரிந்தாலும் விரல் நுனித் தோல் உரியாமல் நின்றுவிடும். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தால் விரலைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையில் ஒரு வளையம் தெரியும். அடுத்த முறை உரிக்கும்போது அதன் மேல் இன்னொரு வளையம் சேரும். காய்ந்து சுருங்கச் சுருங்க, இறுக்கிக் கட்டிய நூலைப் போல அது ரத்த ஓட்டத்தை அறுக்கிறது. நுனி வீங்கும், பிறகு கறுக்கும், கடைசியில் காய்ந்து உதிரும். வால் போனால் மீண்டும் முளைக்கும், விரல் முளைக்காது.

எல்லாக் கால் காயமும் இந்த வகை இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டிய ஹீட் மேட்டில் பாதமும் வயிறும் வெந்து போகலாம். ஒரே தொட்டியில் பல பல்லிகளை அடைத்தால் ஒன்றையொன்று கடிக்கும். இரைக்காக விட்ட சுவர்க்கோழிகள் தின்னப்படாமல் மிஞ்சினால், இரவில் அவை பல்லியின் விரலைக் கொறிப்பதும் உண்டு. மூட்டு திரண்டு வீங்கியிருந்தால் சீழ்க்கட்டியோ யூரிக் அமிலம் சேர்ந்த கவுட்டோ இருக்கலாம். ஊர்வனவற்றின் சீழ் நீராக வடியாது, கெட்டியாகத் திரண்டு நிற்கும். எனவே பிதுக்கிப் பார்ப்பதில் பயனில்லை, மருத்துவர்தான் கீறி எடுக்க வேண்டும். கால்களே வளைந்து, தாடை மிருதுவாகி, நடக்கையில் உடம்பு நடுங்கினால் கோளாறு விரலில் இல்லை. சுண்ணாம்புச் சத்தும் டி3 வைட்டமினும் குறைந்து எலும்பு நலிந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

நுனி இல்லாத விரல் மழுங்கி, ஆறி, சுற்றியுள்ள தோலின் நிறத்திலேயே இருந்தால் அது பழைய இழப்பு. அதற்கு வைத்தியமும் வேண்டாம், வருத்தமும் வேண்டாம். இரண்டு மூன்று விரல் குறைந்த பல்லிகள் நன்றாகவே வாழ்கின்றன.

ஆறாத காயம் என்றால் முதலில் தொட்டியைக் கவனியுங்கள். மணல், மரத்தூள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெள்ளைக் கிச்சன் பேப்பர் விரியுங்கள். புண்ணில் எதுவும் ஒட்டாது, ரத்தம் கசிந்தால் உடனே தெரியும். வேறு பல்லி இருந்தால் வேறு அறைக்கு மாற்றுங்கள். புதிதாக வந்ததை இரண்டு மூன்று மாதம் தனியே வைப்பது எப்படியும் நல்லது. வாலை ஈர்க்குச்சியாக இளைக்கவைக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி புதுவரவுகளோடு வந்து, ஏற்கெனவே இருக்கும் பல்லிக்கும் பரவும். சூடான பக்கத்தின் தரை 30 முதல் 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 24 முதல் 26 இருக்கட்டும். ஊர்வனவற்றின் நோய் எதிர்ப்பும் செரிமானமும் வெளிச்சூட்டை நம்பியே இயங்குகின்றன. சூடு குறைந்தால் எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது.

புண் இல்லாமல் தோல் வளையம் மட்டும் இருந்தால் வீட்டிலேயே முயன்று பார்க்கலாம். 28, 30 டிகிரி வெதுவெதுப்பான நீரைப் பாதம் மட்டும் நனையும் ஆழத்துக்கு ஒரு தட்டில் விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் அதில் நிற்க விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஈரமான காட்டன் பட்ஸால் அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல உருட்டுங்கள். வந்தால் வரட்டும். வராவிட்டால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். இடுக்கியால் பிடித்து இழுத்தால் தோலோடு நகமும் சதையும் வரும்.

திறந்த புண் என்றால் ஊறவைக்க வேண்டாம். பொவிடோன் அயோடினை வெளிறிய தேநீர் நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து ஒற்றியெடுத்தால் போதும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு, ஸ்பிரிட் இரண்டும் வேண்டாம். வலி மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்த களிம்புகள் ஊர்வனவற்றுக்கு ஆபத்து. பாட்டி வைத்தியமாக மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசும் ஆசை நம் வீடுகளில் எழும். பூசினால் அது நக்கித் தின்னும், மருத்துவர் பார்க்க வேண்டிய நிறமும் மறைந்துவிடும். மனிதருக்கான வலி மாத்திரைகளை நினைக்கவே வேண்டாம்.

விரல் கறுத்திருந்தால், வீங்கியிருந்தால், எலும்பு தெரிந்தால், காலை ஊன்றாமல் தூக்கியே வைத்திருந்தால், இரை எடுக்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். பக்கத்துத் தெருவில் நாய், பூனை பார்ப்பவர் பல்லியைப் பார்க்கத் தயங்கலாம். “எக்ஸாட்டிக்ஸ்” பார்க்கும் மருத்துவர் யார் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் அமைப்பின் தளத்திலும் தேடலாம். கடை ஊழியர் சொல்லும் நோய்ப்பெயரை நம்பி மருந்து வாங்க வேண்டாம். 1966-ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டத்தின்படி நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருவது பதிவுபெற்ற மருத்துவரின் வேலை. உரிமையாளர் முதலுதவியும் சிறு சிகிச்சையும் செய்யலாம், அவ்வளவுதான்.

வாங்கிக்கொண்ட நிமிடத்திலிருந்து அந்தப் பல்லியின் நலனுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்பதையும் பலர் யோசிப்பதில்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிள்ளையின் பல்லி என்று ஒதுங்கவும் முடியாது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை வைத்திருக்கும் விலங்குக்கு அந்தப் பிள்ளையைப் பராமரிப்பவரே சட்டப்படி பொறுப்பாளி. அந்த வயதினருக்கு விலங்கை விற்பதே குற்றம். காயத்தை ஏற்படுத்தியது கடையாகவே இருக்கலாம். அதற்காக, “கடைக்காரன் பணம் கட்டட்டும், பிறகு டாக்டரிடம் போகலாம்” என்று பத்து நாள் வலியில் விட்டால் அந்தத் தவறு உங்களுடையதாகிவிடும். விலங்குக்குத் தேவையற்ற துன்பம் விளைவிப்பதற்கான அதிகபட்சத் தண்டனை 2021-இல் ஐந்து ஆண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டது. தெரிந்தே சிகிச்சை தராமல் விடுவதும் அந்தக் குற்றத்தில் அடங்கும்.

இனிக் கடையின் பங்கு. இங்கிலாந்தில் செல்லப் பிராணி விற்பதைத் தொழிலாகச் செய்பவர் கவுன்சிலிடம் உரிமம் பெற வேண்டும். வீட்டில் இனப்பெருக்கம் செய்து வியாபாரமாக விற்பவருக்கும் இது பொருந்தும். 2018-இல் வந்த உரிம விதிகளின்படி, நோயுற்ற அல்லது காயம்பட்ட விலங்குக்கு உடனே மருத்துவரின் கவனிப்புக் கிடைக்கச் செய்ய வேண்டும். கறுத்த விரலோடு ஒரு பல்லி விற்பனைத் தொட்டியில் கிடந்தால் அந்த நிபந்தனை அங்கே காற்றில் பறக்கிறது என்று பொருள்.

பணம் திரும்பப் பெறும் உரிமை 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. உயிருள்ள பிராணியை அந்தச் சட்டம் “பொருள்” என்றே கணக்கில் எடுக்கிறது. கேட்கச் சங்கடமாக இருந்தாலும், வாங்கியவருக்கு அதில் லாபம்தான். பொருள் திருப்தியான தரத்திலும் சொன்ன விவரப்படியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இந்த 30 நாளில் குறை விற்கும்போதே இருந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். அதன் பிறகு, ஆறு மாதத்துக்குள் தெரிய வரும் குறை என்றால், சரிசெய்து கொடுக்கவோ மாற்றிக் கொடுக்கவோ கடைக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். ஆனால் அப்போது, விற்கும்போது குறை இல்லை என்று காட்டும் சுமை கடைக்காரர் தலையில் விழும். “உயிர்ப் பிராணிகள் திருப்பி எடுக்கப்படமாட்டா” என்று கடையில் மாட்டிய பலகைக்கு இந்த உரிமைகளைப் பறிக்கும் வலு இல்லை.

நிராகரித்தால் பல்லியைத் திருப்பித் தர வேண்டும். பிள்ளை அதற்கு முத்து என்றோ மணி என்றோ பெயர் வைத்த பிறகு அது அத்தனை எளிதில்லை. வைத்துக்கொண்டே நஷ்டஈடாக மருத்துவச் செலவைக் கேட்கவும் வழியுண்டு. அதற்குக் கடை ஒரே ஒரு பதில்தான் வைத்திருக்கும்: “காயம் உங்கள் வீட்டில் வந்தது.” அந்தப் பதிலை உடைப்பதற்குத்தான் முதல் நாள் வேலைகள். காயத்தைக் கண்டவுடன் நான்கு பாதங்களையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். தொட்டியையும் வெப்பமானி காட்டும் அளவையும் சேர்த்து எடுங்கள். அன்றைக்கே கடைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கத்தியதற்குச் சாட்சி இருக்காது. மருத்துவரிடம் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: இந்தக் காயம் ஏறத்தாழ எத்தனை நாள் பழையது? விரல் கறுத்துக் காய ஒரே இரவு போதாது. வாங்கிய தேதிக்கு முந்தைய காயம் என்று அவர் எழுதித் தரும் இரண்டு வரிக்கு உங்கள் இருபது படங்களைவிட மதிப்பு அதிகம். ரசீது, கடை கொடுத்த பராமரிப்புத் தாள், மருத்துவரின் பில் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். காப்பீடு எடுத்திருந்தாலும் ஏற்கெனவே இருந்த காயத்துக்குப் பொதுவாகப் பணம் வராது.

கடை மசியாவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவித் தொலைபேசியில் பேசுங்கள். அவர்கள் வழியாகவே புகார், வியாபார முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் போகும். கடைசி வழி சிறு வழக்கு நீதிமன்றம். 10,000 பவுண்டு வரையிலான பணக் கோரிக்கைகள் பொதுவாக அங்கேதான் போகும், வக்கீல் அவசியமில்லை. தனி நபரிடம், தொழிலாகச் செய்யாதவரிடம் வாங்கியிருந்தால் கை கட்டப்பட்டிருக்கும். சொன்ன விவரத்துக்கு மாறாக இருந்தால் மட்டுமே கேட்கலாம், தரத்தைப் பற்றிப் பேச முடியாது.

ஒரு பொறியும் உண்டு. விற்கும் முன்பே குறையைச் சுட்டிக்காட்டியிருந்தால், அல்லது நீங்கள் கையில் வாங்கிப் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டிய குறை என்றால், அதைக் காட்டி நிராகரிக்க முடியாது. பாவம் பார்த்து வாங்குபவர்கள் மாட்டுவது இங்கேதான். “விலை குறைத்துத் தருகிறோம், ஒரு விரல்தானே” என்று கடைக்காரர் சொல்ல, பிள்ளையின் கண் கலங்க, காயத்தோடு வாங்கி வருகிறார்கள். மனம் நல்ல மனம்தான். ஆனால் உரிமையும் போயிற்று, மருத்துவச் செலவும் தலையில் ஏறிற்று. கடைக்கோ காயம்பட்ட சரக்கு விற்றுத் தீர்ந்தது. காலியான தொட்டியில் அடுத்த வாரம் இன்னொரு பல்லி வரும், அதே வறண்ட மணலில்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையோ கர்ப்பிணியோ நோய் எதிர்ப்புக் குறைந்த முதியவரோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் பல்லியின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். புண்ணைத் துடைத்த பஞ்சைப் பையில் கட்டி எறியுங்கள், கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர்த் தட்டைச் சமையலறைத் தொட்டியில் ஒருபோதும் அலச வேண்டாம்.

இன்னும் வாங்காதவர்களுக்கு: ஒரு பாதத்துக்கு ஐந்து, மொத்தம் இருபது விரல்கள். பணம் கொடுக்கும் முன் பல்லியைக் கண்ணாடித் தட்டிலோ தெளிவான பெட்டியிலோ விடச் சொல்லி, அடியிலிருந்து பார்த்து எண்ணுங்கள். கறுப்போ வீக்கமோ இறுகிய வளையமோ தெரிந்தால் வாங்காமல் வெளியே வந்து, கடையின் பெயர், நாள், பார்த்தது என்ன என்பதை எழுதி அந்தப் பகுதிக் கவுன்சிலின் உரிமப் பிரிவுக்கு அன்றைக்கே அனுப்புங்கள். அந்தக் கடையைச் சோதனையிடும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது.