பழைய லாரியில் டீசல் முள் ஆடுகிறதா?

ராணிப்பேட்டை மாவட்டம் திமிரி வட்டாரத்தில் விளையும் நெல்லும் நிலக்கடலையும் ஆரணி, ஆற்காடு சந்தைகளுக்குப் போவதும், கரும்பு அம்முண்டி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போவதும் பெரும்பாலும் லாரியில்தான். பல ஆண்டுகள் உழைத்த லாரிகளில் அடிக்கடி காணும் கோளாறு ஒன்று உண்டு. டீசல் காட்டும் மீட்டரின் முள் ஓரிடத்தில் நிற்காமல் துடிக்கும். ஒரு கணம் அரை டேங்க் காட்டும். மறுகணம் காலி என்று விழும்.

இதைச் சிறிய குறை என்று விட்டுவிடலாகாது. முள்ளை நம்பி நடுவழியில் டீசல் தீர்ந்துபோனால் பைப்பில் காற்று புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் என்ஜின் உடனே ஓடாது. பில்டரிலும் பம்பிலும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்கின் அடியில் தங்கிய துருவும் நீரும் பில்டருக்கு வந்து சேரும். வெட்டிய கரும்பு வண்டியிலேயே காய்ந்து எடை குறைந்தால் நஷ்டம் விவசாயிக்கே.

மீட்டர் வேலை செய்யும் விதம்

டேங்கினுள் ஒரு மிதவை இருக்கிறது. டீசல் மட்டத்துக்கேற்ப அது ஏறி இறங்கும். அதனோடு இணைந்த கை, மெல்லிய கம்பி சுற்றிய தகட்டின்மேல் உராய்ந்து நகரும். அதனால் மின்தடை கூடிக் குறைந்து, டேஷ்போர்டு முள்ளை நகர்த்துகிறது. இந்தப் பகுதியை மெக்கானிக்குகள் டேங்க் யூனிட் என்பார்கள். டேங்க் யூனிட், வயர், எர்த், மீட்டர் ஆகிய நான்கில் ஒன்றில்தான் குறை இருக்கும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

மேடு பள்ளத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் முள் சற்று அசைவது இயல்பே. டீசல் அலைவதால் வருவது அது. சமதளத்தில் வண்டி நிற்கும்போதும் துடித்தால்தான் கோளாறு.

ஒரு குறிப்பிட்ட அளவில், உதாரணமாக அரை டேங்க் அளவில் மட்டும் துடித்தால், அந்த இடத்தில் கம்பிச் சுற்று தேய்ந்திருக்கலாம். குழியில் இறங்கும்போதெல்லாம் துடித்தால் வயர் இணைப்பு தளர்ந்திருக்கும். ஹெட்லைட் போட்டதும் முள் இடம் மாறினால் எர்த் சரியில்லை எனலாம். வெப்பம் காட்டும் முள்ளும் சேர்ந்து ஆடினால், டேங்க்கைத் தொட வேண்டாம். டேஷ்போர்டுக்குப் பொதுவாக வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் பார்க்க வேண்டும்.

சோதிக்கும் முறை

1. டேங்க் யூனிட்டில் வயர் சேரும் இடத்தைத் துடைத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, நட்டை இறுக்கவும். பல சமயங்களில் இதிலேயே குறை தீர்ந்துவிடும்.

2. டேங்க் யூனிட்டின் உடலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு வயரைத் தற்காலிகமாக இணைத்துப் பார்க்கவும். முள் நிலைத்துவிட்டால் குறை எர்த்தில்தான். டேங்க்கின் பெயிண்டும், அடியில் வைத்த ரப்பரும், துருவும் மின்சாரத்தைத் தடுத்திருக்கும். அங்கே நிரந்தரமாக ஓர் எர்த் வயர் போட்டுவிடலாம்.

3. இதிலும் தீராவிட்டால், டேங்க் மூடியை நன்றாக மூடி, சிந்திய டீசலைத் துடைத்தபின், யூனிட்டிலிருந்து வயரைக் கழற்றிச் சாவியைப் போடவும். முள் ஒரு முனையில் நிலையாக நிற்க வேண்டும். டேங்க்கிலிருந்து தள்ளி, வயரைச் சேஸிஸில் ஒரு கணம் தொட்டால் முள் மறுமுனை நோக்கி நகர வேண்டும். நீண்ட நேரம் பிடித்திருந்தால் சிலவகை மீட்டர்கள் எரிந்துபோகும். இடையில் ஒரு சிறு பல்பைச் சேர்த்துச் சோதிப்பது நல்லது. 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்ற பல்பைப் பயன்படுத்தவும்.

இரு முனையிலும் முள் ஒழுங்காக நின்றால், மீட்டரும் வயரும் நலம். குறை டேங்க் யூனிட்டில். வயரை அசைக்கும்போது முள் துள்ளினால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. முள் அசையவே இல்லை என்றால், மீட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவும்.

டேங்க் யூனிட்டைக் கழற்றும்போது

பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிய பின்னரே இந்த வேலையில் இறங்க வேண்டும். அருகில் பீடி, அடுப்பு, வெல்டிங் கூடாது. பெட்ரோல் வண்டியானால் இந்த வேலையை மெக்கானிக்கிடமே விடுவது நல்லது. கழற்றிய யூனிட்டில் மீட்டரை வைத்து, கையை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால் ஓம் அளவு சீராக மாற வேண்டும். நடுவில் துள்ளினால் கம்பிச் சுற்று தேய்ந்துவிட்டது. அதை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. மெல்லிய கம்பி அறுந்துவிடும். அதே மாடலுக்கான புது யூனிட் போடுவதே சரி. ஓம் அளவு வேறான யூனிட் போட்டால் முள் தவறாகவே காட்டும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்க்கவும். உள்ளே டீசல் சத்தம் கேட்டால் அது ஓட்டை. திரும்பப் பொருத்தும்போது புது கேஸ்கெட் போட வேண்டும்.

அளவுகோல் ஒன்று

முள் சரியாகும்வரை துருப்பிடிக்காத அலுமினியக் கம்பி ஒன்று கைகொடுக்கும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, காலி டேங்க்கில் 10 லிட்டர் வீதம் ஊற்றி, ஒவ்வொரு முறையும் கம்பியில் கோடு போட்டுக்கொள்ளலாம். லோடு ஏற்றும்முன் ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டால், ஆலை வாசல்வரை கவலையில்லை.