புதன்கிழமை பிரியாணி

எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கவுச்சி கிடையாது. சனிக்கிழமை மாமியாருக்கு விரதம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நம் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிடும். அதனால் ஆபீஸ் விட்டு வரும் வழியில், புதன்கிழமை சாயங்காலம்தான் கோழி வாங்குகிறேன். அந்த நேரத்தில் கடையில் கூட்டம் இருக்காது. “தொடை சேர்த்து அரைக் கிலோ, பிரியாணி பீஸாப் போடுங்க பாய்” என்றால், எட்டுப் பத்துத் துண்டாகப் பார்த்துப் பார்த்து வெட்டித் தருவார். ஏழு மணிக்கு வீடு. எட்டேகாலுக்குத் தட்டில் பிரியாணி. கழுவ வேண்டியது ஒரு 5 லிட்டர் குக்கர், ஒரு டம்ளர், ஒரு கரண்டி.

“குக்கர்லயா?” என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அரிசியும் கறியும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து வேகிறது என்றால் அது அவசரத்துக்குச் செய்த சோறு என்று நினைக்கிறார்கள். ஆம்பூரில் அரிசியைத் தனியாக அரைவேக்காட்டில் வடித்து, கறியோடு சேர்த்துத் தம் போடுவார்கள். எங்கள் திண்டுக்கல் பக்கம் அப்படியில்லை. கறி வெந்த சாறிலேயே அரிசியைக் கொட்டி, அந்தச் சாறு வற்றும் பக்குவத்தில் மூடித் தம் வைப்பார்கள். 1957இல் நாகசாமி நாயுடு அங்கே பிரியாணிக் கடை தொடங்கினார். அவர் கட்டியிருந்த தலைப்பாகையே பிறகு கடைக்குப் பெயரானது. அந்த ஊர் ருசியின் அடிப்படை கறிச்சாறு குடித்த சீரகச் சம்பாதான். ஒரே பாத்திரம் என்பது எங்கள் ஊரில் சுருக்குவழி அல்ல, முறையே அதுதான்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வடிக்கிற சோற்றில் தண்ணீர் கூடிப்போனால் வடித்துவிடலாம். இங்கே ஊற்றியது ஊற்றியதுதான். கல்யாணமான புதிதில் நான் குக்கரைத் திறந்தபோது உள்ளே இருந்தது பிரியாணி வாசனையோடு ஒரு கூழ். ஒரு டம்ளர் சீரகச் சம்பாவுக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர் என்று அம்மா சொன்னபடி, 2 டம்ளர் அரிசிக்கு 3 டம்ளர் அளந்துதான் ஊற்றியிருந்தேன். அன்று அழுகையே வந்துவிட்டது. போனில் சொன்னதும் அம்மா கேட்டார்: “ஏன்டி, கோழி தண்ணி விடாதா? தக்காளி விடாதா? தயிரு என்ன கல்லா? அதெல்லாம் யாரு கணக்குல சேக்குறது?”

பன்னிரண்டு வருடமாகியும் அந்தக் கேள்விதான் என் புதன்கிழமைச் சமையலை நடத்துகிறது. மசாலா அவரவர் கைவாகு. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சாப்பிட்டுவிடலாம். தண்ணீரில் பிசகினால் சாப்பாடே போச்சு.

வீட்டுக்குள் நுழைந்ததும், கைப்பையைக்கூட வைக்காமல் முதலில் அரிசியை ஊறப்போட்டுவிடுவேன். நாலு பேருக்கு 2 டம்ளர் போதும். சீரகச் சம்பா பொடி அரிசி. தேய்த்துக் கழுவினால் உடையும். இரண்டு தண்ணீரில் அலசி, 20 நிமிடம் ஊறவிட்டு, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடிகட்டி வைக்க வேண்டும். வடிகட்டாமல் கொட்டினால் அந்தத் தண்ணீரும் கணக்கில் ஏறும். அரிசி ஊறுகிற நேரம்தான் வெங்காயம் நறுக்குகிற நேரம். ஞாயிற்றுக்கிழமையானால் சின்ன வெங்காயம் உரிக்கலாம். புதனுக்கு 2 பெரிய வெங்காயம் நீளவாக்கில் போதும்.

குக்கரில் 3 ஸ்பூன் எண்ணெய், 1 ஸ்பூன் நெய். பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரியாணி இலை, கிடைத்தால் ஒரு சிட்டிகை கல்பாசி. வெங்காயம் பொன்னிறமாகும்வரை அடுப்பை விட்டு நகராதீர்கள். நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று இந்த இடத்தில் அவசரப்பட்டால் நிறமும் வராது, இனிப்பும் வராது. பிறகு கீறிய பச்சை மிளகாய் 4, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை ஸ்பூன். பச்சை வாசனை போனதும் ஒரு கைப்பிடி புதினா, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, ஒரு தக்காளி. மிளகாய்த்தூள் ஒரு சின்ன ஸ்பூன், மஞ்சள்தூள் கொஞ்சம். தீயைக் குறைத்து 3 ஸ்பூன் கடைந்த தயிர். தீ கூடுதலாக இருந்தால் தயிர் திரிந்துவிடும்.

இப்போது கோழி. தொடைக்கறி கேட்டு வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. சோறு வேகும்வரை உள்ளே கிடந்தால் சக்கையாகிவிடும். தொடையில் கொழுப்பும் சவ்வும் இருப்பதால் அது மெத்தென்றே இருக்கும், சாறுக்கும் கனம் கொடுக்கும். கோழியோடு உப்பையும் போட்டுவிட வேண்டும். உப்பு பட்டதும் கறி தண்ணீர் விடத் தொடங்கும். நன்றாகத் தீயை வைத்து 3 நிமிடம் பிரட்டி, ஒரு தட்டைப் போட்டு மூடி 5 நிமிடம் விடுங்கள். திறந்து பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமலே கோழி குழம்பில் நிற்கும்.

இங்கேதான் அம்மாவின் கணக்கு. குக்கரைக் கொஞ்சம் சாய்த்து, ஒதுங்கிய சாறைக் கரண்டியால் எடுத்து, அரிசி அளந்த அதே டம்ளரில் ஊற்றிப் பார்க்கிறேன். பிராய்லர் கோழியும் ஒரு தக்காளியும் தயிரும் சேர்ந்தால் என் அடுப்பில் பெரும்பாலும் முக்கால் டம்ளர் வரும். மொத்தம் வேண்டியது 3. ஆக, ஊற்ற வேண்டிய தண்ணீர் 2¼ டம்ளர்தான். சாறைத் திரும்ப ஊற்றி, தண்ணீரையும் சேர்த்து, தட்டையான கரண்டியால் அடியை நன்றாகச் சுரண்டிவிட வேண்டும். வெங்காயமும் மசாலாவும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இடம்தான் பிறகு கருகி, மேலே உள்ள சோறு முழுக்கத் தீய்ந்த வாடையை ஏற்றும். சுரண்டி எடுத்துவிட்டால் அதுவே ருசி.

பழைய அரிசி கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். புது அரிசிக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஊறவைத்த பாஸ்மதியானால் டம்ளருக்கு ஒன்றேகால் போதும். எந்த அரிசியானாலும் முதலில் கோழியின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும்.

தண்ணீர் கொதித்ததும் ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள். ஒரு கல் உப்பு கூடுதலாகத் தெரிய வேண்டும். அரிசி இழுத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அரை மூடி எலுமிச்சை பிழிந்து, அரிசியைப் போட்டு, உடையாமல் ஒரே ஒரு முறை கிளறுங்கள். மீண்டும் கொதி வந்து, தண்ணீரும் அரிசியும் சமமாக நிற்கும் நேரத்தில் மூட வேண்டும். மூடும் முன் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, வெயிட் வைக்கிற குழாய் வழியாகப் பாருங்கள். ஒரு புதினா இலை அதை அடைத்துக்கொண்டால் ஆபத்து. குக்கரும் பாதிக்கு மேல் நிறைந்திருக்கக் கூடாது.

“எத்தனை விசில்?” எல்லாரும் கேட்பது இதைத்தான். என் பதில், விசிலே வேண்டாம். வெயிட் வைத்த குக்கருக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் உள்ளே 120 டிகிரிவரை சூடேறுகிறது. அந்தச் சூடுதான் சமைக்கிறது. விசில் என்பது மிஞ்சிய ஆவி தப்பிப் போகிற சத்தம். நாம் சொட்டுச் சொட்டாக அளந்து வைத்த தண்ணீர் அதோடு வெளியே போகிறது. ஒரு வீட்டில் 2 விசிலுக்கு 4 நிமிடம் ஆகும், இன்னொரு வீட்டில் 8 நிமிடம். விசிலை எண்ணுவது நேரத்தை எண்ணுவது ஆகாது. டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில் இந்தப் பாத்திரத்தின் முதல் வடிவத்தைச் செய்தது எலும்பையே மெத்தென்று ஆக்கத்தான். அந்தச் சூட்டில் பிராய்லர் கோழியை அதிகநேரம் வைத்தால் கறி எலும்பை விட்டுக் கழன்று சோற்றில் நாராகிவிடும்.

நான் செய்வது இது: ஆவி நேராக வரத் தொடங்கியதும் வெயிட்டைப் போட்டு, குக்கரைச் சின்ன பர்னருக்கு மாற்றி, சிம்மில் 8 நிமிடம். அடி மெல்லிய குக்கரானால் கீழே ஒரு பழைய தோசைக்கல். பிறகு அணைத்துவிட்டு, வெயிட்டைத் தொடாமல் கால்மணி நேரம். பசியோடு நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கால்மணி நேரம் நீளமானது. ஆனால் ஈரம் மேலும் கீழும் சமமாகி, அரிசி இறுகுவது இப்போதுதான். தம் என்பது இதுவே. வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே எல்லாம் குமுறி அரிசி உடையும். இந்தக் கால்மணி நேரத்தில் வெங்காயம் நறுக்கித் தயிர்ப் பச்சடி செய்துவிடலாம். நாட்டுக்கோழியென்றால் இந்தக் கணக்கு செல்லாது. அதை முதலில் தனியாக வேகவைத்துக்கொண்டுதான் அரிசியிடம் வர வேண்டும். வேலைநாளுக்கு அது ஒத்துவராது.

திறந்ததும் நடுவில் கரண்டியைக் குத்தாமல், ஓரத்திலிருந்து அடியோடு எடுத்துப் புரட்டுங்கள். மேலே ஒரு துளி நெய்.

மறுநாள் டிபன் பாக்ஸுக்கு மிச்சம் வைப்பவர்கள் இரவு முழுக்கக் குக்கரிலேயே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுநாள் சூடுபடுத்தினாலும் போகாது. சாப்பிட்டு முடித்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்கிக் கட்டிக்கொடுக்கலாம்.

போன புதன் ராத்திரி, பிள்ளைகள் தூங்கியபிறகு அம்மாவைக் கூப்பிட்டேன்.

“இன்னைக்கு எவ்வளவு ஊத்துன?”

“ரெண்டேகால்.”

“தக்காளி?”

“ஒண்ணு. ஆனா நல்லாப் பழுத்தது.”

ஒரு நொடி யோசித்தார். “அப்ப ரெண்டே போதும்டி. பழுத்தது நெறைய விடும்.”

அடுத்த வாரம் 2 ஊற்றிப் பார்க்கப் போகிறேன்.