குழாய்க்குள் ஒலியின் வேகம்

ஷா ஆலம் வெயிலில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகும்? ஓர் இசைக்கவை, நீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய், அளவுகோல் போதும். கடிகாரமே வேண்டாம்.

512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டிக் குழாயின் வாய்க்கு மேல் பிடித்து, நீர்மட்டத்தை மெல்ல இறக்க வேண்டும். முதலில் முனகல்தான் கேட்கும். 30 டிகிரி வெப்பத்தில், காற்றுத்தம்பம் ஏறத்தாழ 16.2 சென்டிமீட்டர் ஆனதும் குழாய் திடீரென்று உரக்கப் பாடும். மறுபடி 50.4 சென்டிமீட்டரில்.

ஏன் அங்கே மட்டும்? நீரில் பட்டுத் திரும்பும் அலை, கவையின் அடுத்த அதிர்வோடு சரியாகச் சேர்ந்துகொள்கிறது. ஊஞ்சலைத் தக்க நேரத்தில் தள்ளுவதுபோல வீச்சு பெருகுகிறது. இதுதான் ஒத்ததிர்வு.

முதல் நீளம் கால் அலைநீளம் என்று கொண்டால் கணக்கு பிசகும். அலை குழாய்வாயைத் தாண்டிச் சற்று வெளியேயும் நீள்கிறது. இரு நீளங்களையும் கழித்தால் அந்தப் பிழை தானே நீங்கிவிடும். இந்த முறையின் அழகே இதுதான். மிஞ்சுவது 34.2 சென்டிமீட்டர், அரை அலைநீளம். இரட்டித்து 512-ஆல் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 350 மீட்டர்.

பாடநூலில் 331 என்றிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அது 0 டிகிரி உலர்காற்றுக்கு உரியது. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும்; ஈரப்பதமும் சிறிது கூட்டும். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் செய்யும் மாணவர்கள் அறையின் வெப்பநிலையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.