‘திமிர்’ என்று சொல்லுமுன்

நன்றாகப் படித்த பத்தாம் வகுப்பு மாணவன் திடீரென மேசையில் தலைசாய்க்கிறான், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். ‘திமிர்’ என்கிறோம். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வெளிப்படும். 2 வாரம் நீடித்தால் தனியே அழைத்துப் பேசுங்கள். “சாகணும்போல இருக்கா?” என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல், பெற்றோரை வரவழைத்து அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

திண்டிவனம் பக்கத்துப் பெற்றோருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சொல்கிறேன். மந்திரிக்கப் போவதை நான் தடுப்பதில்லை. மருத்துவரையும் பாருங்கள் என்பேன். லேசான சோர்வுக்குப் பெரும்பாலும் ஆலோசனையே போதும். மாத்திரை தந்தால் பலன் தெரியச் சில வாரங்களாகும். “ஒண்ணும் கேக்கல” என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையில், 14416 எண்ணில், நள்ளிரவிலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஆசிரியர்களும் அழைக்கலாம்.